நீல வாசலா, சாம்பல் வாசலா?

எங்க வேலைல நாள் முழுக்க நிக்கணும், ஆனா எங்கயும் போய்ச் சேரக் கூடாது.

நான் ஒரகடத்துல, கார்களுக்கு வயர் கட்டு செய்யற ஒரு கம்பெனியோட லேடீஸ் கேட்டுல செக்யூரிட்டி. பேரு கஸ்தூரி. காக்கிச் சட்டை, தொப்பி, விசில் எல்லாம் குடுத்திருக்காங்க. விசிலை ஊதற மாதிரி இதுவரைக்கும் ஒண்ணும் நடக்கல. எப்பவாவது மாடு உள்ள வரும், அதுக்குக் கை தட்டினாலே போதும். ஷிப்டுக்கு உள்ள வர்ற பொம்பளைங்க போனு கீனு கொண்டுவர்றாங்களான்னு பாக்கணும். ஷிப்டு முடிஞ்சு வெளிய போறவங்க, வயர் நுனியில மாட்டற சின்னச் சின்ன செம்புத் துண்டுங்களை எடுத்துட்டுப் போறாங்களான்னு பாக்கணும். "கொஞ்சம் கையத் தூக்கும்மா"ங்கறதை ஒரு நாளைக்கு நான் எத்தனை தரம் சொல்றேன்னு கேக்காதீங்க. தூக்கத்துலயும் சொல்றேன்னு வூட்டுக்காரரு சொல்றாரு.

நீங்களும் எங்கயாவது நின்னிருப்பீங்க. மால்லயோ, பெரிய கோயில்லயோ, கலெக்டர் ஆபீசுலயோ, ஒரு வாசல் வழியாப் போகச் சொல்லியிருப்பாங்க. அது "கீ"ன்னு கத்தியிருக்கும். பின்னாடி நிக்கறவங்க உங்களை ஒரு மாதிரி பாத்திருப்பாங்க. சாவி, சில்லறை, கண்ணாடிக் கூடுன்னு ஒண்ணொண்ணா எடுத்து வச்சிட்டுப் போனாலும் அது மறுபடி கத்தியிருக்கும். அப்படி நின்ன அத்தனை பேரும் என் கட்சி. என்ன, நீங்க எப்பவோ ஒரு தரம் நின்னீங்க. நான் அந்தக் கத்தற வாசலுக்குப் பக்கத்துலயே குடித்தனம் பண்றேன்.

பழைய வாசல்

எங்க கேட்டுல முன்னாடி ஒரு வாசல் இருந்துச்சு. மெட்டல் டிடெக்டர்னு பேரு. அது எப்பக் கத்தும், எப்பக் கத்தாதுன்னு அதுக்கே தெரியாது. ரோட்டுல லாரி போனாக் கத்தும். மழை பேஞ்சாக் கத்தும். ஆளே இல்லாதப்ப ஒரு நாள் சும்மா நின்னுகிட்டே கத்துச்சு. ஆனா டிபன் பாக்ஸைத் துப்பட்டாவுல மறைச்சு எடுத்துகிட்டு ஒரு அம்மா நடந்து போனப்ப ஊமையா நின்னுச்சு.

ஒரு நாள் எங்ககிட்ட வயர் கட்டு வாங்கற கார் கம்பெனிக்காரங்க சோதனைக்கு வந்தாங்க. அதுல ஒருத்தரு கொத்துச் சாவியை விரல்ல மாட்டிச் சுத்திகிட்டே அந்த வாசல் வழியா நடந்து வந்தாரு. சத்தமே இல்ல. திரும்பிப் போயி இன்னொரு தரம் வந்தாரு. அப்பவும் இல்ல. அவரு எங்க மிலிட்டரி சாரை ஒரு பார்வை பாத்தாரு பாருங்க. மிலிட்டரி சாருன்னா எங்க செக்யூரிட்டி ஆபீசரு, பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு மொகம் சுண்டிப் போச்சு. அவங்க எல்லாம் காருல ஏறிப் போன பெறகு, காலி வாசல் தானாக் கத்த ஆரம்பிச்சுது. எனக்கு ஆத்திரம் தாங்கல, ஒரு தட்டு தட்டப் போனேன். என்கூட டியூட்டி பாக்கற ஸ்டெல்லா கையப் புடிச்சு நிறுத்தினா.

"வுடுக்கா, வூட்ல வயசானதுங்க இருந்தா அப்படித்தான், இன்னாத்துக்குக் கத்துதுன்னு கேக்கக் கூடாது."

பொண்ணு பாக்க வந்த மாதிரி

புதுசு வாங்கறதுன்னு முடிவாச்சு. ரொம்ப விலை ஒசந்தது வேணாம்னு ஹெட் ஆபீசுல சொல்லிட்டாங்க. ரொம்ப மலிவானது வேணாம்னு மிலிட்டரி சாரு சொல்லிட்டாரு, அது பழைய வாசலுக்குத் தம்பி மாதிரியே இருந்துச்சாம். மிச்சம் இருந்தது நடு விலையில ரெண்டு. ரெண்டும் ஏறக்குறைய ஒரே விலை. ரெண்டு வியாபாரிங்களும் மெஷினைக் கொண்டாந்து எறக்கி, "பத்துப் பதினஞ்சு நாள் ஓட்டிப் பாருங்க, பிடிச்சா வச்சுக்கங்க"ன்னு விட்டுட்டுப் போனாங்க. போகும்போது ஒருத்தரை ஒருத்தரு கண்ணாலயே திட்டிகிட்டுப் போனாங்க.

ஒண்ணு சாம்பல் நிறம், ஒண்ணு நீலம். ஒரு நாள் சாம்பல், ஒரு நாள் நீலம்னு மாத்தி மாத்தி வச்சோம். சாம்பல் வாசலுக்கு உச்சியில ஒரே ஒரு சிவப்பு லைட்டு. பெரிய பொருளா இருந்தாத்தான் கத்தும், ஆனா எந்த இடத்துல இருக்குன்னு சொல்லாது. நீல வாசலுக்கு ரெண்டு பக்கமும் மேல இருந்து கீழ வரைக்கும் லைட்டு. தலைகிட்ட இருந்தா தலை ஒசரத்துல எரியும், கால்கிட்ட இருந்தா கால் ஒசரத்துல எரியும். ஆனா அதுக்குக் காது ரொம்பக் கூர்மை, குண்டூசிக்குக்கூடக் கத்தும். மிலிட்டரி சாரு ஒரு கைப்பிடி செம்புத் துண்டை முடிச்சாக் கட்டி சாக்ஸுக்குள்ள, தொப்பிக்குள்ள, இடுப்புலன்னு மாத்தி மாத்தி ஒளிச்சு வச்சு நடந்து பாத்தாரு. ரெண்டு வாசலும் ஒரு தரம்கூட விடல. வேர்த்து விறுவிறுத்து வந்து ஸ்டூல்ல உக்காந்தாரு.

"ரெண்டும் நல்ல பசங்களாத்தான் இருக்கானுங்க, எவனுக்குப் பொண்ணைக் குடுக்கறதுன்னுதான் தெரியல."

மெட்டி, தாலி, ஊக்கு

நீல வாசல் வச்ச மொத நாளை நான் மறக்கவே மாட்டேன். பொம்பளைங்க மட்டும் முந்நூறு பேருக்கு மேல ஒரு ஷிப்டுல. வந்தவங்க எல்லாருக்கும் கத்துச்சு. ஹாஸ்டல் பொண்ணுங்களுக்குக் கிளிப்பு, துப்பட்டாவுல குத்தின ஊக்குன்னு ஒரு லைட்டு எரிஞ்சா, கல்யாணம் ஆனவங்களுக்கு மூணு லைட்டு. கால்ல மெட்டி. கழுத்துல தாலி. அந்தத் தாலிச் சரட்டுல ஊக்கு.

நம்ம பொம்பளைங்க தாலிச் சரட்டுல ஊக்கு கோத்து வச்சிருக்கறது உங்களுக்குத் தெரியாததா? எதுக்குன்னு கேட்டா "ஒரு அவசரத்துக்கு"ம்பாங்க. என் சரட்டுலயே நாலு கெடக்கு. மெஷினோட வந்த சேல்ஸ் தம்பி பட்டணத்துப் புள்ள, ஊக்கு ஊக்கா வெளிய வர்றதைப் பாத்து மலைச்சுப் போயி நின்னான். மெட்டிக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். லைன்ல எல்லாரும் முன்னாடி தொறந்த செருப்புதான் போட்டிருப்பாங்க. கால் ஒசரத்துல லைட்டு எரிஞ்சா விரலைப் பாத்துட்டு அனுப்பிடலாம். ஊக்குக்குத்தான் வழியே இல்ல. எங்கெங்கயோ குத்தியிருக்கு, தேடி எடுக்கறதுக்குள்ள வரிசை மெயின் கேட்டு வரைக்கும் போயிடுச்சு.

அந்த வரிசையில சாந்தி நின்னா. வாலாஜாபாத் பக்கத்துல இருந்து வர்றவ, லைன் லீடரு. அவ மெதுவாப் பேசினாலே ரெண்டு பில்டிங் தள்ளிக் கேக்கும். மூணு லைட்டும் எரிய வாசலுக்குள்ள இடுப்புல கை வச்சுகினு நின்னா.

"இன்னாக்கா, கல்யாணம் ஆச்சா ஆவலியான்னு கண்டுபுடிக்க இம்மாம் பெரிய மெஷினா வாங்கியாந்தாங்க?"

பேச்சி

சாம்பல் வாசல் வச்ச அன்னிக்கு வரிசை சரசரன்னு போச்சு. ஊக்கு, மெட்டி எதுக்கும் அது வாயத் தொறக்கல. அப்பாடான்னு நான் மூச்சு விடறதுக்குள்ள ஒரே ஒரு பொண்ணுக்குக் கத்துச்சு. பேரு பேச்சியம்மா. எல்லாருக்கும் பேச்சி. தென்காசிப் பக்கம் ஊரு. அம்மா பீடி சுத்தறாங்க, அப்பா இல்ல. ஒரகடத்துல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கி வேலைக்கு வருது. ஊர்ல கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிட்டுத் திரும்பும்போது லோடு ஆட்டோ கவுந்து, இடது முழங்காலுக்குக் கீழ எலும்பு ஒடைஞ்சு, உள்ள கம்பி வச்சிருக்காங்க. பழைய வாசல் அந்தக் கம்பியை ஒரு நாளும் கண்டுக்கல. அதனால நாங்களும் அன்னிக்கு வரைக்கும் தெரிஞ்சுக்கல.

எங்க ரூல் என்னன்னா, வாசல் கத்தி, எந்த இடம்னு தெரியலன்னா, அந்த ஆளைத் திரைக்குள்ள கூட்டிட்டுப் போயி தலையில இருந்து கால் வரைக்கும் பாக்கணும். பச்சைத் துணி கட்டின ஒரு மூலை இருக்கு, அதுதான் திரை. பேச்சி டாக்டர் சீட்டைக் காட்டினா. மிலிட்டரி சாரு மரியாதையாத்தான் சொன்னாரு, "கால்ல கம்பி இருக்குன்னு சீட்டு சொல்லுது, வேற எடத்துல ஒண்ணும் இல்லன்னு சீட்டு சொல்லலியேம்மா." அவரு சொன்னதும் நியாயம்தான். நானும் ஸ்டெல்லாவும் சாம்பல் நாள்ல எல்லாம் அந்தப் பொண்ணைத் திரைக்குள்ள கூட்டிட்டுப் போயி, யூனிபார்ம் கோட்டைக் கழட்டி, தடவிப் பாத்து, மறுபடி போட்டு அனுப்புவோம். உள்ள வரும்போது ஒரு தரம், வெளிய போகும்போது ஒரு தரம். எனக்குக் கையெல்லாம் கூசும். எம் பொண்ணு வயசு அதுக்கு.

அவ ட்ரெயினிங்ல இருக்கற பொண்ணு. லைன் ஓட ஆரம்பிக்கும்போது எடத்துல இல்லன்னா சூபர்வைசர் லேட் மார்க் போட்டுடுவாரு. லேட் மார்க் சேந்துட்டா வேலை பர்மனன்ட் ஆகாது, பெட்டியக் கட்டிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். நீல வாசல் வச்ச நாளுன்னா அவளுக்குக் கால்ல மட்டும் ஒரு லைட்டு எரியும், அந்த எடத்தை மட்டும் பாத்துட்டு விட்டுடலாம். சாம்பல் வாசல் நாளுன்னா திரைதான். மூணாவது சாம்பல் நாளு, திரைக்குள்ள கோட்டுப் பட்டனைப் போட்டுகிட்டே எங்கிட்ட சொன்னா.

"எனக்கு இந்த வேல வேணும்க்கா, ஆனா தெனமும் இப்படி அவுத்துக் காட்டிட்டுப் போவ என்னால முடியாதுக்கா."

பர்ச்சேஸ் சாரோட இடுப்பு

எந்த வாசலை வாங்கறதுன்னு எழுதி அனுப்பறவரு பர்ச்சேஸ் சாரு. நல்ல மனுஷன், ஆனா எல்லாத்தையும் தானே தொட்டுப் பாத்தாத்தான் நம்புவாரு. ஒரு நீல நாள்ல ரெண்டு பக்கமும் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "நானே ஒரு தடவை போறேன்"ன்னு நடந்தாரு. கத்துச்சு. இடுப்பு ஒசரத்துல லைட்டு. சிரிச்சுகிட்டே பெல்ட்டைக் கழட்டி மேசை மேல வச்சாரு. மறுபடி கத்துச்சு. அதே எடம். பாக்கெட்டைக் கவுத்துக் காட்டினாரு. மறுபடி அதே எடம். உள்ள வர்ற பொண்ணுங்க எல்லாம் நின்னு வேடிக்கை பாக்குது. சாருக்கு மொகம் செவந்து போச்சு.

நான் பக்கத்துல போயி மெதுவாக் கேட்டேன், "சார், அரணாக்கொடி போட்டிருக்கீங்களா?" தலைய மட்டும் ஆட்டினாரு. வெள்ளியாம். அதுல ஒரு தாயத்தாம். சின்ன வயசுல காய்ச்சல் வந்தப்ப அவங்கம்மா வேண்டிகிட்டுக் கட்டினதாம். நான் சொன்னேன், "நல்லவேளை சார், இது நீல வாசல், இடுப்புன்னு காட்டிக் குடுத்துடுச்சு. சாம்பலா இருந்தா உங்களையும் முழுசாப் பாத்திருக்கணும். எங்க பேச்சிக்கு நாங்க சாம்பல் நாள்ல எல்லாம் அதைத்தான் செய்யறோம்." யாரு பேச்சின்னு கேட்டாரு. சொன்னேன். பெல்ட்டைக் கையில வச்சுகிட்டு அப்படியே நின்னாரு. மனசு எளகிடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது. ஆனா அவருக்கு மேலயும் ஆளுங்க இருக்காங்களே.

"எனக்கும் நீலம்தாம்மா புடிக்குது, ஆனா ஷிப்டு விட்டா எல்லாரும் பஸ்ஸுக்குப் போய்ச் சேரணும், அது நடக்கலன்னா நான் என்ன எழுதினாலும் மேல கிழிச்சுப் போட்டுருவாங்க."

பஸ்ஸு

அந்த பஸ் விஷயத்தையும் சொல்லிடறேன். மத்தியானம் மூணு மணிக்கு ஷிப்டு முடியும். கம்பெனி பஸ்ஸுங்க மூணே காலுக்குக் கெளம்பிடும். டிரைவருங்களைக் குத்தம் சொல்ல முடியாது. எங்களை எறக்கிட்டு, இருங்காட்டுக்கோட்டையில வேற ஒரு கம்பெனி ஆளுங்களை ஏத்தணும் அவங்க. சாம்பல் நாள்ல எல்லாரும் ஏறி உக்காந்து ஜன்னலுக்குச் சண்டை போட்டு முடிச்சப்புறம்கூட நேரம் இருக்கும். நீல நாள்ல பாதிப் பேரு வாசலுக்கு இந்தப் பக்கமே ஊக்கு தேடிகிட்டு நிப்பாங்க.

ஒரு நாள் வாலாஜாபாத் பஸ் கண்ணு முன்னாடியே போயிடுச்சு. அதுல போக வேண்டிய முப்பது பேரு என் எதிருல நிக்கறாங்க. ஒருத்திக்கு ஸ்கூல்ல இருந்து புள்ள வந்து பூட்டின வூட்டு வாசல்ல நிக்கும். ஒருத்திக்கு அந்த நேரத்துக்குத்தான் தெருக்குழாயில தண்ணி வரும். ஷேர் ஆட்டோ புடிச்சு, ஒரகடம் கூட்ரோட்டுக்குப் போயி, கவுர்மென்ட் பஸ்ஸுல நின்னுகினே போகணும். என்னைத் திட்டினாங்க. திட்டட்டும், என் முதுகுல ரெண்டு போட்டாலும் நான் வாங்கிக்கணும். ஆனா சாந்தி வேற ஒண்ணு கேட்டா. "அந்த ஹாஸ்டல் பொண்ணை இன்னாத்துக்கு நீங்க தெனிக்கும் திரைக்குள்ள இட்டுனு போறீங்க? இன்னா எடுத்துச்சு அது? லைன்ல எல்லாரும் பேசினு கீறாங்க."

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. இந்தப் பேச்சு லைன் வரைக்கும் போயிடுச்சா. அவ காலைப் பத்தி நான் எப்படிச் சொல்றது, அது அவ ஒடம்பு இல்லியா. "அது ஒண்ணும் எடுக்கல சாந்தி, அதுக்கு மேல எங்கிட்ட கேக்காத"ன்னேன். சாந்தி நம்பல. ரோட்டைப் பாத்துகினு பையத் தூக்கி மாட்டினா.

"பஸ்ஸு பூட்ச்சி, ஞாயமும் அதுலயே ஏறிப் பூட்ச்சி."

கேன்டீன்ல ஒரு காலு

அடுத்த நாள் ஸ்டெல்லாவுக்குக் கேன்டீன் டியூட்டி. அவ பாத்து வந்து சொன்னதைத்தான் சொல்றேன். பேச்சி தட்டைத் தூக்கிகிட்டுப் போயி ஒரு மேசையில உக்காந்திருக்கா. அங்க இருந்த ரெண்டு பேரு எழுந்து வேற மேசைக்குப் போயிட்டாங்க. அவ அழுவான்னு ஸ்டெல்லா நெனச்சிருக்கா.

அவ அழல. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அது மேல இடது காலை வச்சு, பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டினாளாம். முழங்காலுக்குக் கீழ இருந்து கணுக்கால் வரைக்கும் நீளமாத் தையல் தழும்பு. சாம்பார் ஊத்தறவருகூடக் கரண்டியோட நின்னுட்டாராம். சாந்தியும் அங்கதான் பெரிய மேசையில உக்காந்திருந்தா. பேச்சி யாரையும் திட்டல, ஓவுன்னு கத்தவும் இல்ல. எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொன்னாளாம்.

"நா எடுத்தது இந்தக் கம்பி ஒண்ணுதான், அதும் ஆசுபத்திரில காசு குடுத்து எடுத்தது, வேணும்னா எல்லாரும் ஒருக்கா தொட்டுப் பாத்துக்கிடுங்க."

சாந்தி கேட்ட கேள்வி

அன்னிக்கு ஷிப்டு முடிஞ்சு சாந்தி வெளிய வந்தா. சாம்பல் நாளுதான், அவளுக்குக் கத்தல. ஆனாலும் ஓரமா ஒதுங்கி நின்னா. பேச்சியைத் திரைக்குள்ள கூட்டிட்டுப் போயி நாங்க வெளிய அனுப்பற வரைக்கும் பாத்துகினு நின்னா. அப்புறம் எங்கிட்ட வந்து, அவ வாழ்க்கையிலயே மொத தடவையா மெதுவாப் பேசினா.

"நீல மெஷினு வந்தா இதுக்குத் திரை கெடையாதா?"ன்னு கேட்டா. கெடையாது, காலை மட்டும் பாத்தாப் போதும்னேன். "அப்ப அதையே வாங்க வேண்டியதுதானே?"ன்னா. "சனிக்கிழமை கடைசி டிரையலு. நீல வாசலு. மூணே காலுக்குள்ள அத்தனை பேரும் வெளிய போயிட்டா வாங்குவாங்க. போகலன்னா சாம்பல்தான்"னு சொன்னேன். அது நடக்காதுன்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். கழுத்துச் சரட்டை வெளிய இழுத்து, தொங்கற ஊக்குங்களைப் பாத்தா.

"சரி, நான் இன்னா பண்றேன்னா, ஒண்ணியும் பண்ணல, நீ போயி டீ குடி."

சனிக்கிழமை

சனிக்கிழமை மூணு மணி. பர்ச்சேஸ் சாரு வாட்சைப் பாத்துகிட்டு ஒரு பக்கம், மிலிட்டரி சாரு ஒரு பக்கம். வெளிய பஸ்ஸுங்க இஞ்சினைப் போட்டு உறுமிகிட்டு நிக்குது. பேச்சிக்கு ஏற்கெனவே லேட் மார்க் நெறைய சேந்துடுச்சு, இன்னொரு வாரம் சாம்பல் வாசல்னா அவ வேலை தாங்காது, அது எனக்குத் தெரியும்.

மொதல்ல வந்தவ நடந்தா. கத்தல. ரெண்டாவது வந்தவளுக்குக் கழுத்து ஒசரத்துலயும் கால் ஒசரத்துலயும் மட்டும் லைட்டு. நான் சொல்றதுக்கு முன்னாடியே தாலியைத் தூக்கிக் காட்டி, மெட்டியைக் காட்டறதுக்குக் காலை நீட்டிட்டா. அடுத்தவ. அடுத்தவ. என்ன நடக்குதுன்னு எனக்கு ஒரு நிமிஷம் வெளங்கல. அப்புறம்தான் கவனிச்சேன். ஒருத்தி தலையிலயும் கிளிப்பு இல்ல, எல்லாரும் நூலால சடையக் கட்டியிருக்காங்க. துப்பட்டாவுல ஊக்கு இல்ல, ரெண்டு முனையையும் சேத்து முடிச்சுப் போட்டிருக்காங்க. கல்யாணம் ஆனவங்க எல்லாரும் தாலியை முன்னாடியே கோட்டுக்கு மேல எடுத்துப் போட்டிருக்காங்க, சரட்டுல ஒரு ஊக்குகூடத் தொங்கல. வயர் கட்டற கை இல்லியா, அத்தனை முடிச்சும் அவ்வளவு சுத்தம்.

ஒரே ஒரு ஆளுக்குத்தான் தாலியும் மெட்டியும் போக நெஞ்சுகிட்டயும் லைட்டு எரிஞ்சு கத்துச்சு. யாருன்னு நெனக்கறீங்க? சாந்திதான். ஊர்ல இருக்கறவளோட ஊக்கை எல்லாம் கழட்ட வச்சவ, ரவிக்கைக்கு உள்பக்கம் குத்தின தன்னோட ஊக்கை மறந்துட்டா. பின்னாடி இருந்து "ஏ லீடரம்மா"ன்னு ஒரே கூச்சல். அவ வெக்கத்தோட அதைக் கழட்டி என் கையில குடுத்துட்டு ஓடினா.

நடுவுல பேச்சி வந்தா. கத்துச்சு. இடது பக்கம், கீழ, ஒரே ஒரு லைட்டு. நான் குனிஞ்சு பேண்ட்டு மேலயே கையை வச்சுப் பாத்துட்டு "போம்மா"ன்னேன். அவளுக்குப் பின்னாடி நின்னவ யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. பேசிகினு இருந்ததை நிறுத்தவும் இல்ல. அந்தப் பொண்ணும் மத்தவங்களோட மத்தவங்களா நடந்து போயி பஸ்ஸுல ஏறிடுச்சு. பொய் சொல்ல மாட்டேன், தொப்பியைக் கழட்டி மொகத்தை மறைச்சுகிட்டேன்.

கடைசி ஆளும் போனப்ப பஸ்ஸுங்க எல்லாம் நின்னுகிட்டுத்தான் இருந்துச்சு. பர்ச்சேஸ் சாரு "முந்தாநாள் கத்தின அதே மெஷினா இது?"ன்னு கேட்டாரு. அத்தனை துப்பட்டா முடிச்சையும் மிலிட்டரி சாரு பாத்துகிட்டுத்தான் இருந்தாரு. மீசையத் தடவிகிட்டு ஆகாசத்தைப் பாத்தாரு. நான் வாலாஜாபாத் பஸ் ஜன்னல்கிட்ட ஓடிப் போயி, சாந்தி கையில அவ ஊக்கைக் குடுத்து, "ரொம்ப தேங்க்ஸ் சாந்தி, எல்லார்கிட்டயும் சொல்லு"ன்னேன்.

"இன்னாத்துக்குக்கா தேங்க்ஸு, ஒரு நாளு ஊக்கு இல்லாம வந்தா புருசனா ஓடிடப் போறான்?"

மிட்டாய் டப்பா

நீல வாசலைத்தான் வாங்கினாங்க. பர்ச்சேஸ் சாரு என்ன எழுதினாருன்னு எனக்குத் தெரியாது, மேல கிழிச்சுப் போடலன்னு மட்டும் தெரியும். அதுக்கப்புறம் யாரும் ஊக்கே குத்தறதில்லன்னு நெனச்சுடாதீங்க. அது இந்த ஜென்மத்துல நடக்காது. கேட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி கழட்டி, மேசை மேல வைக்கற பையில போட்டுடுவாங்க, அந்தப் பக்கம் போனதும் மறுபடி குத்திக்குவாங்க. புதுசா வேலைக்குச் சேர்ற பொண்ணுங்களுக்குப் பழைய ஆளுங்களே வரிசையிலயே சொல்லிக் குடுத்துடறாங்க. எதுக்குன்னு கேட்டா, "இங்க அப்படித்தான்"னுதான் சொல்றாங்க. பேச்சி பேரை யாரும் எடுக்கறதில்ல.

போன மாசம் பேச்சிக்கு வேலை பர்மனன்ட் ஆச்சு. ஊருக்குப் போயி அம்மாவைப் பாத்துட்டு வந்தா. திரும்பி வந்த அன்னிக்கு வரிசையில நிக்கும்போதே பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுகிட்டு நின்னா. பை மேசை மேல இருக்கு, ஆனா கையில ஒரு தகர டப்பாவை மட்டும் விடாம இடுக்கிப் புடிச்சிருக்கா. உள்ள கருப்பட்டி மிட்டாய், எங்க அத்தனை பேருக்கும்.

"யக்கா, இன்னைக்கு ரெண்டு லைட்டு எரியும், பதறிராதிய, கீழ எரியுதது என் காலு, மேல எரியுதது ஒங்க மிட்டாயி."

தெனம் ரெண்டு வேளை நான் இவங்களைச் சந்தேகப்படறேன், அதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. தெனம் ரெண்டு வேளை இவங்க என்னை மன்னிச்சுட்டுப் போறாங்க, அதுக்கு இவங்களுக்கு யாரும் ஒத்தைப் பைசா குடுக்கறதில்ல.